வெறும் வைக்கோல்

செவலை குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறது என்றுதான் கீழமாந்தூரில் முதலில் பேச்சு கிளம்பியது. கேட்டவர்கள் சிரித்தார்கள். மாடு எங்கேயாவது குடிக்குமா என்றார்கள். போய்ப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. அந்தப் பசு நான்கு கால்களையும் நான்கு பக்கம் பரப்பி நின்று, தலையை ஆட்டி, ஒரு தடவை அடித்தொண்டையில் கத்தி, அப்படியே பக்கவாட்டில் சரிந்தது. அதன் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கிளம்பிய வாடை தெரு முழுக்க நின்றது. யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள்.

அறவாழி போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. எஸ்.ஐ. கலியமூர்த்தி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஆற்றங்கரையில் இருக்கும் வைக்கோல் எரிபொருள் ஆலையில் அறவாழி தலைமை வேதிப் பொறியாளர். அரசாங்க ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினால் பதில் வர மூன்று மாதம் ஆகும். ஆலையின் ஆய்வகம் ஆறு கிலோமீட்டரில் இருந்தது. அதனால் அவனைக் கூப்பிட்டிருந்தார்.

"வாங்க சார். சின்ன உதவிதான். இதுல சாராயம் எவ்வளவு இருக்குன்னு பார்த்து ஒரு பேப்பர் குடுங்க, போதும். ஊறல் எண்பது லிட்டர்னு மகஜர் எழுதியாச்சு."

காய்ச்சுவதற்கு முன்னால் புளிக்கப் போடும் சரக்குக்குப் பெயர் ஊறல். அந்தச் சொல்லைக் கேட்டதும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்த மாட்டுக்காரி மாரிக்கண்ணு நிமிர்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெண் போலீஸ் ஒருத்தி எழுந்திருக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் நின்றாள்.

"ஊறலாவது கீறலாவது. எங்க அப்பன் குடிச்சே செத்தான். எங்க வீட்டுக்காரன் குடிச்சே செத்தான். அந்தக் கண்றாவிய நான் காய்ச்சுவனா? அப்படியே காய்ச்சினாலும் மாட்டுத் தொட்டிலயா காய்ச்சுவேன்? அடுப்பு எங்க, பானை எங்க, தேடிப் பாருங்க."

"எங்கேயாவது மறைச்சு வச்சிருப்ப" என்றார் எஸ்.ஐ.

"ஆமா. செவலை வயித்துல வச்சிருக்கேன். அறுத்துப் பாரு."

கூட்டம் சிரித்தது. எஸ்.ஐ.யும் கைக்குட்டைக்குள் சிரித்தார்.

அறவாழி தொட்டிக்குள் குனிந்தான். மேலே நுரை கட்டியிருந்தது. ஊறிய வைக்கோல் கஞ்சிபோலக் குழைந்து கிடந்தது. அழுகத் தொடங்கும் பலாச்சுளையின் வாடை. அதற்கு அடியில் ஈர வைக்கோல். ஆலையில் மூன்றாம் நாள் கலனைத் திறந்தால் இப்படித்தான் வீசும். பதினொரு மாதமாக அவனுக்கு எந்த வாடையும் சரியாகத் தெரிவதில்லை. சோற்றின் வாடையும் தெரியாது, மழையின் வாடையும் தெரியாது. இது தெரிந்தது.

"உங்க ஆலைப் பக்கம் போறப்ப அடிக்குற நாத்தம் மாதிரியே இல்ல?" என்றார் எஸ்.ஐ. விளையாட்டாகத்தான் கேட்டார்.

"எங்க கிருமி வெளியில வாழாது."

"அது என்ன கிருமி சார்? எட்டு வருசமா ஆலை ஓடுது, ஒருத்தரும் எனக்குப் புரியற மாதிரி சொன்னதில்ல."

"வைக்கோல்ல இருக்கற நாரைச் சர்க்கரை ஆக்கும். சர்க்கரைய எரிபொருள் ஆக்கும். மத்த ஊர்ல ரெண்டு மூணு கட்டமா செய்யற வேலைய இது ஒண்ணே செஞ்சுடும்."

"தப்பிச்சு வெளிய வந்துட்டா?"

"பூட்டு இருக்கு. அதுக்கு உயிரோட இருக்க ஒரு சத்து வேணும். அத அதால உண்டாக்கிக்க முடியாது. கலன்ல நாங்க ஊத்தணும். ஊத்தாட்டி மூணு நாள்ல செத்துடும்."

"சாவி உங்க கையில."

"ஆமா."

எதிரே ஊராட்சி அலுவலகச் சுவரில் அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. வெயிலில் மஞ்சளித்துப் போயிருந்தது. டெல்டாவில் எல்லா ஊர்ச் சுவரிலும் அது இருந்தது. *இந்த நுண்ணுயிர் வைக்கோலில் மூன்று நாளுக்கு மேல் உயிர் வாழாது. கால்நடைகளுக்கு ஆபத்து இல்லை.* கீழே கையெழுத்து. முனைவர் செம்மலர், நுண்ணுயிர்ப் பிரிவுத் தலைவர். அறவாழியின் மனைவி. அறவாழி அந்தச் சுவர்களைக் கடக்கும்போது சாலையை மட்டுமே பார்ப்பான்.

"வைக்கோல் எங்கேருந்து வாங்கினீங்க?" என்று மாரிக்கண்ணுவிடம் கேட்டான்.

"வாங்குறதா? ஒங்க ஆலையில கலனுக்குள்ள வைக்கல் கொட்டுற எடத்தக் கூட்டுறவ நாந்தான். ஒங்கள தெனம் பாக்குறேன். நீங்கதான் பாக்குறதில்ல." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "கீழ சிந்தினத மூட்டையா கட்டிக் கொண்டாருவேன். திருட்டுன்னா அதுக்கு வேணா கேசு போடுங்க. இந்தப் பக்கம் எவன் வயல்ல வைக்கல் கெடக்கு? அறுக்குறப்பவே மிஷினு சுருட்டி ஒங்க லாரில ஏத்திப்புடுது. ஊருல நாப்பது மாடு இருந்துச்சு. இப்ப ஏழு. மாடு எதத் திங்கும், பஸ்ஸுப் பொகையவா?"

கூட்டத்தில் யாரோ ஆமோதித்தார்கள். அந்த நேரத்தில் ஒரு பஸ் சாலையில் போனது. அதன் பின்பக்கத்தில் நெற்கதிர் படமும், 'வைக்கோலில் ஓடுகிறேன்' என்ற வாசகமும் இருந்தன.

"தொட்டியில வேற என்ன போடுவீங்க?"

மாரிக்கண்ணு அவனை ஒரு மாதிரி பார்த்தாள். படித்தவனிடம் இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"என்ன போடுவாங்க? கழனித்தண்ணிதான். பத்து வீட்டுல வாங்கியாந்து ஊத்துவேன். ரெண்டு கை தவிடு. கல்லுப்பு. மாடு வெறும் வைக்கலையா திங்கும்?"

அறவாழி பாட்டிலைத் தொட்டிக்குள் அமிழ்த்திக்கொண்டிருந்தான். அது நிரம்பி வழிந்த பிறகும் எடுக்கவில்லை.

தவிடு.

முதலில் அந்தச் சத்து வெளிநாட்டிலிருந்து தூளாகக் கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் எங்கோ ஒரு கால்வாயில் சண்டை வந்து கப்பல்கள் நின்றன. கலன்கள் பட்டினியில் சாகக் கிடந்தன. அறவாழிதான் வழி கண்டுபிடித்தான். ஏறக்குறைய அதே சத்து அரிசித் தவிட்டில் இருந்தது. கிருமியைக் கொஞ்சம் திருத்தினால் தவிட்டு நீரே போதும். வைக்கோலில் அது துளியும் இல்லை. பூட்டும் பத்திரம். சாவி பக்கத்து அரிசி ஆலையிலேயே கிடைக்கும். செம்மலர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "சரி. ஆனா பாதுகாப்புப் பேப்பர நான்தான் எழுதுவேன்" என்றாள்.

"என்ன சார், சாராயம்தானே?" என்றார் எஸ்.ஐ.

"மூணு நாள் வேணும்."

"அதுவரைக்கும்?"

"தெரியலை."

மகஜர் எழுதியாகிவிட்டதால் எஸ்.ஐ.யால் அதைக் கிழிக்க முடியாது. மாரிக்கண்ணுவை ஜீப்பில் ஏற்றினார்கள். தொட்டிக் கழிவை மூன்று கேனில் அடைத்தார்கள். செவலைக்கு மத்தியானம் தெளிந்துவிட்டது. குற்றத்தோடு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் தொண்டிப் பொருளாகக் கைப்பற்ற வேண்டும் என்று ஏட்டு ஜெயசீலன் சட்டம் பேசினார். மாடு குற்றத்தோடு சம்பந்தப்பட்டதா இல்லையா என்பதில் யாருக்கும் நிச்சயமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

*

ஆலையில் இருந்த எல்லாக் கிருமிகளிலும் தன்னுடையதைத் தனியாக அடையாளம் காண செம்மலர் ஒரு குறி வைத்திருந்தாள். ஒரு குறிப்பிட்ட கூழில் தடவி வைத்தால் அது மட்டும் செம்பருத்தி நிறத்தில் பூக்கும். "எம்பேரு தெரிய வேணாமா?" என்று சிரித்தாள் அன்றைக்கு. சான்றிதழுக்குத் தேவையில்லாத செலவு என்று அறவாழி சொன்னான். அவன் எதையும் குறைத்தே பார்ப்பவன். அவனுடைய மின்னஞ்சல் மூன்று வரியைத் தாண்டாது. செம்மலர் எழுதும் எந்த அறிக்கையையும் அவனிடம் கொடுத்தால் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பாதியாக்கிக் கொடுப்பான். "தலைமுடி வெட்டச் சொன்னா மொட்டை அடிச்சு விடற ஆளு" என்பாள்.

பதினொரு மாதம் முன்னால் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் இல்லை. வயது முப்பத்தொன்று. ஆலையின் வருகைப் பதிவில் அவள் பெயர் இன்னும் இருந்தது. தினமும் காலையில் திரையில் வரும். எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அறவாழிக்கும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அடைகாப்புப் பெட்டியைத் திறந்தான். தொட்டி மாதிரியைத் தடவி வைத்த தட்டு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். ஒன்றிரண்டு இல்லை. வைக்க இடமில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பூத்திருந்தன.

அவன் தட்டை மூடி வைத்தான். கையைக் கழுவினான். மேலாளர் முகுந்தனின் அறைக்குப் போனான்.

முகுந்தன் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகக் கலன்களின் வரிசை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"ஆமான்னு எழுதினா நாளைக்கே பூட்டு போடுவாங்க. நானூறு குடும்பம். அதோட ஏழு ஜில்லா பஸ்."

"இல்லன்னு எழுதினா அந்தம்மாவுக்கு ஜெயில்."

"இல்லன்னு எழுதச் சொல்ல மாட்டேன். நான் அவ்வளவு மோசமானவன் இல்ல அறவாழி." முகுந்தன் நாற்காலியை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். குரல் தணிந்தது. "ஆமான்னே எழுதுங்க. ஆலை நடத்துறதுல தப்பில்ல, பூட்ட அமைச்சதுல தப்புன்னு எழுதுங்க. வெளிய வாழாதுன்னு சான்று குடுத்தது யாரு?"

அறவாழி ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"கையெழுத்து மேடத்தோடது. தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். ஆனா செத்தவங்களை யாரும் விசாரணைக்குக் கூப்பிட மாட்டாங்க. பழைய ஆள் செஞ்ச கோளாறு, பூட்டை மாத்திட்டோம்னு சொல்லி ஆறு மாசத்துல திறந்துடலாம். அந்தம்மா வெளிய வந்துடும். நானூறு பேரும் பொழைச்சுப்பாங்க. உங்களுக்கும் ஒண்ணும் வராது. யாருக்கும் நஷ்டமில்ல."

"செம்மலருக்கு?"

"அவங்களுக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க?"

உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல முகுந்தன் அவன் முகத்தைப் பார்த்தார். அறவாழி எழுந்து வெளியே வந்தான்.

வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது அதே அறிவிப்பு மூன்று சுவரில் வந்தது. முதல்முறையாகப் பார்த்தான். மூன்றாவது சுவரில் வண்டியை நிறுத்தினான். வைக்கோலில் மூன்று நாளுக்கு மேல் உயிர் வாழாது. அவளுக்கு எப்படித் தோன்றாமல் போனது? அவள் இந்த மண்ணில் பிறந்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாட்டை அவிழ்த்துக் கட்டியவள். கழுநீர்த் தொட்டி அவளுக்குத் தெரியாதா? ஆவடியில் பாக்கெட் பாலில் வளர்ந்த அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏண்டி இப்படிச் செய்தாய் என்று அவனுக்குக் கோபம் வந்தது. வந்தபிறகுதான் கவனித்தான், பதினொரு மாதத்தில் அவனுக்கு வந்த முதல் கோபம் அது.

*

அறிக்கை எழுத அவளுடைய மூல வாசகம் வேண்டியிருந்தது. ஆலைக் கணினியில் அச்சுக்குப் போன வாசகம்தான் இருந்தது. வீட்டில் அலமாரியின் மேல்தட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பை இருந்தது. அதை அவன் பிரித்ததில்லை.

பிரித்தான். சீப்பு. செல்போன் சார்ஜர். பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். அதற்குக் கீழே இரண்டாக மடித்த தாள்.

தாள் எது என்று உடனே தெரிந்தது. காய்ச்சல் வருவதற்கு முந்தைய நாள் அவன் திருத்திக் கொடுத்தது. அதைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். படுத்துக்கொண்டே பார்த்துவிடுகிறேன் என்றாள். அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். தாள் திரும்பி வரவில்லை. திருத்தம்தான் முடிந்துவிட்டதே என்று அறவாழி, கணினியில் இருந்த அவளுடைய கையெழுத்துப் படத்தை எடுத்துக் கீழே ஒட்டி அனுப்பிவிட்டான். சின்ன வேலை. அன்றைக்குச் செய்து முடிக்கக்கூடியதாக இருந்த ஒரே வேலை.

அவள் தட்டச்சு செய்திருந்த வரி இது:

*இந்த நுண்ணுயிர் வைக்கோலை மட்டும் கொண்டு மூன்று நாளுக்கு மேல் உயிர் வாழாது.*

'மட்டும் கொண்டு' என்ற இரண்டு சொற்களின் மேல் சிவப்புக் கோடு. நேரான, சுத்தமான கோடு. மேலே 'வைக்கோலில்' என்று சிவப்பிலேயே திருத்தம். அவன் கையெழுத்து. இரண்டு சொல் மிச்சம்.

கோட்டுக்குக் கீழே பென்சிலில் அவள் எழுதியிருந்தாள். எழுத்து சாய்ந்து சாய்ந்து இறங்கியது. சலைன் ஊசி குத்திய கை.

*மட்டும் வேணும். மாடு வெறும் வைக்கோலையா திங்கும்? நீ டவுன்காரன், உனக்குத் தெரியாது. கழுநீர் பத்தி ரெண்டு வரி சேர்க்கணும். வீட்டுக்கு வந்து எழுதறேன்.*

அறவாழி அதை ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவை படித்தான். 'வீட்டுக்கு வந்து எழுதறேன்' என்பதில் கடைசி 'ன்' தாளின் ஓரத்துக்குப் போய் மடங்கியிருந்தது. இடம் போதவில்லை.

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். திரும்பி வந்தான். மணி மூன்று. மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். கப்பல் நின்றதிலிருந்து ஆரம்பித்தான். தவிட்டை யார் சொன்னது, ஏன் சொன்னது, அவள் என்ன நிபந்தனை வைத்தாள், அந்த நிபந்தனையை யார் அடித்தது, கையெழுத்தை யார் ஒட்டியது. ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு வழக்கம்போல அதைச் சுருக்கக் கை போகும். ஒவ்வொரு தடவையும் கையை எடுத்துக்கொண்டான். விளக்குப் போடும் நேரம் வந்தபோது எட்டுப் பக்கம் ஆகியிருந்தது. அவன் வாழ்நாளில் எழுதியதிலேயே நீளமானது.

*

மறுநாள் காலை ஸ்டேஷன் வேப்பமரத்தில் செவலை கட்டியிருந்தது. கழுத்தில் குற்ற எண் எழுதிய அட்டை தொங்கியது. அட்டையின் ஒரு மூலையை அது தின்றிருந்தது. மாரிக்கண்ணுவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நிபந்தனை ஜாமீன் கிடைத்திருந்தது. தினமும் பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். வரும்போதே மாட்டுக்குப் புல் கொண்டுவந்திருந்தாள்.

"தொண்டிக்குத் தீனி வைக்கிற மொத அக்யூஸ்டு நாந்தான்னு ஏட்டையா சொல்றாரு" என்றாள் அறவாழியிடம். "பேப்பரு கொண்டாந்துட்டீங்களா தம்பி? நான் உள்ளயா வெளியயா?"

"வெளிய. நீங்க காய்ச்சலை. எங்க கிருமிதான்."

மாரிக்கண்ணு புல்லை உதறிப் போட்டாள். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"மொதல்லயே தெரியுமா?"

"வாடையில சந்தேகம் வந்துச்சு. நீங்க தவிடுன்னு சொன்னப்ப தெரிஞ்சுடுச்சு."

"அப்பவே சொல்லிருக்கலாம்ல? மூணு நாளு கம்பிக்குப் பின்னால ஒக்காந்திருந்தேன்."

"சொல்லியிருக்கலாம்."

அவள் ஏதோ திட்ட வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"இனிமே கழனித்தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சு ஆறவச்சுதான் ஊத்தணும்மா. அதுல வைக்கோல ஊறப் போடக் கூடாது. வாரத்துக்கு ஒருதரம் தொட்டியச் சுண்ணாம்பு போட்டுக் கழுவி வெயில்ல காயவிடணும். மாடு வச்சிருக்கற எல்லாரும்."

"எத்தன நாளைக்கு?"

"எப்பவும்."

"எப்பவுமா?"

"அது வெளிய வந்துடுச்சு. ஒங்க தொட்டியில மட்டும் இருக்கும்னு சொல்ல முடியாது. திரும்பக் கூப்பிட முடியாதும்மா."

"கூப்புட்டா வராதத எதுக்குய்யா வெளிய விட்டீங்க?"

அறவாழி எட்டுப் பக்கத்தையும் சுருட்டிப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளே போனான்.

எஸ்.ஐ. கலியமூர்த்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஐந்தாம் பக்கத்தில் டீயைக் குடிக்காமல் தள்ளி வைத்தார். முடித்துவிட்டுத் தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார்.

"சாராயம் ஆமா, இல்லன்னு ரெண்டு வரி கேட்டேன். ராமாயணமே எழுதிக் கொண்டாந்திருக்கீங்க. கொஞ்சம் சுருக்கிக் குடுக்கக் கூடாதா சார்?"

"கூடாது."

வாசலில் நின்றிருந்த மாரிக்கண்ணு எட்டிப் பார்த்தாள். "என்ன உள்ள தள்ள அரைப் பக்கந்தான்யா எழுதுனீங்க. வெளிய விட எட்டுப் பக்கமா?"

"நீ போய் மாட்டைப் பாரும்மா" என்றார் எஸ்.ஐ. ஆனால் அவளைப் போகச் சொன்ன குரலாக அது இல்லை.

வாக்குமூலமாக அதைப் பதிய வேண்டும் என்றார். ஏட்டு ஜெயசீலன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார். அறவாழி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது பக்கம் வந்தபோது குனிந்தான்.

"இந்த வரியில ரெண்டு சொல் விட்டுப்போச்சு."

ஏட்டு தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எது? ஓ, 'மட்டும் கொண்டு'வா? நாந்தான் சேர்த்து 'வைக்கோலில்'னு போட்டேன் சார். படிக்க நல்லாருக்கு. அர்த்தம் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல."

"என்ன சார் வித்தியாசம்?"

அறவாழி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான். செவலை அட்டையின் இன்னொரு மூலையைத் தின்றுகொண்டிருந்தது. ஏட்டு திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் பார்த்தார். பிறகு வரியை அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டினார்.

முடிந்ததும் அச்சடித்தார்கள். அறவாழி ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். கடைசிப் பக்கத்தில் பேனாவை வைக்கும்போது எஸ்.ஐ. தாளின் மேல் கையை வைத்தார்.

"சார், நான் ரிட்டயர் ஆக ஒம்பது மாசம் இருக்கு. எத்தனையோ வாக்குமூலம் பார்த்தாச்சு. தானே வந்து இப்படி எழுதிக் குடுத்தவனைப் பார்த்ததில்ல. யோசிச்சுக்குங்க. இது கோர்ட்டுக்குப் போனா அந்தம்மா மேல கேஸ் நிக்காது. சரி. ஆலைக்கு வக்கீல் இருக்கான். அவங்க எப்படியும் கழண்டுக்குவாங்க. உங்க வீட்டம்மா மேல தப்பில்லன்னும் நீங்களே எழுதிட்டீங்க. அப்புறம் மிச்சம் யாரு? பதில் சொல்ல வேண்டியது நீங்க மட்டும்தான்."

"ஆமா."

"'மேற்படி தவறுக்கு நானே பொறுப்பு'ன்னு கடைசி வரி போட்டிருக்கு. அது போதுமா, இல்ல..." எஸ்.ஐ. சரியான சொல்லைத் தேடிக் கையை ஆட்டினார்.

ஏட்டு ஜெயசீலன் விசைப்பலகையின் மேல் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினார். இந்தத் தடவை அவர் கேட்டுவிட்டுச் செய்வதென்று முடிவு செய்திருந்தார்.

"'நான் மட்டுமே'ன்னு மாத்தணுமா சார்? 'மட்டும்' வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றான் அறவாழி.